வியன்னாவிலிருந்து வந்த பிசின்

ராத்மிலா கோவுத்னா முப்பத்தோரு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தார். லாபே ஆற்றங்கரையில் இருந்த எங்கள் பிசின் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில், கண்ணாடிக் குடுவைகளும் கழுவும் தொட்டிகளும் நிறைந்த ஆய்வுக்கூடம் அது. யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்து, "இது எதனால் ஆனது?" என்று கேட்டால் பதில் கண்டுபிடித்துச் சொல்வது அவருடைய வேலை. கணவர் வீத் ரயில்வே பணிமனையில் மெக்கானிக். மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "எரிச்சு மோந்து பாக்குறா, அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வைத்தியம் படிக்கத்தான் ராத்மிலா ஆசைப்பட்டார். ஆனால் அவருடைய அப்பா ரொட்டிக் கடை வைத்திருந்தவர். கடையில் இரண்டு வேலையாட்கள் இருந்தார்கள். அந்த இரண்டு பேரின் கணக்கில் அரசாங்கம் குடும்பத்தையே முதலாளி வர்க்கம் என்று எழுதி வைத்துவிட்டது. முதலாளியின் மகள் மனுஷ உடம்பைத் தொடக்கூடாது, பிசினைத் தொடலாம் என்று முடிவாயிற்று. அவரும் போய்ப் பிசினைத் தொட்டார், அது பிடித்தும் போயிற்று. மனுஷர்கள் தங்களுக்கு என்ன நோவு என்பதைப் பற்றிப் பொய் சொல்வார்கள், பிசின் சொல்லாது என்று பிற்பாடு சொல்வார். கேண்டீனில் புது மேஜை போட்டால் அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டி, சுரண்டியதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகும் பழக்கம் அவருக்கு இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில், தொழிற்சாலை டைரக்டர் லூபோர் ஹன்ஸ்லீக் தானே படியேறி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அது அதிசயம். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஆட்களைக் கூப்பிட்டு அனுப்புவார். ஏதாவது மிகவும் வேண்டுமென்றால்தான் படியேறுவார். பிர்னோ நகரத்துத் தொழில் கண்காட்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். கோட்டுப் பையிலிருந்து அரை லிட்டர் தகர டப்பா ஒன்றையும், வெள்ளை எனாமல் பூசிய ஒரு தகட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கோவுத்னாம்மா, இதக் கொஞ்சம் பாருங்க."

காரியம் ஆகவேண்டியபோது "கோவுத்னாம்மா". மற்ற நேரங்களில் "தோழர் இஞ்சினியர்". இந்த வித்தியாசம் ராத்மிலாவுக்கு அத்துப்படி. அவர் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கடிதத்தை மடிப்பதுபோல் அது இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பின் விளிம்பில் எனாமல் ஒரு மயிரிழைகூட வெடிக்கவில்லை.

"வியன்னாக்காரன் கடைல இருந்தது" என்றார் டைரக்டர். "அவன் தகரத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு அப்புறமா வளைக்கிறான். நாம வளைச்சிட்டு அடிக்கிறோம். பத்து வருஷம் பின்னாடி நிக்கிறோம்."

"குடுத்தாங்களா, எடுத்தீங்களா?"

"கண்காட்சின்னா காட்டத்தானே. காட்டினதப் பாத்தேன். பாத்தது பையில விழுந்துடுச்சு."

"எப்ப வேணும்?"

"டிசம்பர்ல மந்திரிகூட கூட்டம். அதுக்குள்ள இதுல என்னென்ன இருக்குன்னு வேணும். நாமளே செய்யப்போறோம்."

டப்பாவில் இருந்தது தேன் நிறத்துக்கும் தண்ணீர் நிறத்துக்கும் நடுவில் கெட்டியாக ஒரு திரவம். மூடியில் நீல எழுத்தில் ஜெர்மன் பெயர், கீழே ஒரு மலையின் படம்.

ராத்மிலா வழக்கமான இடத்திலிருந்துதான் ஆரம்பித்தார். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சுடரில் காட்டினார். புகையோடு எரிந்தது. கொழுப்பு கருகும்போது கண்ணையும் தொண்டையையும் கிள்ளும் வாடை வந்தது. உள்ளே கிளிசரின் இருக்கிறது என்று அர்த்தம். செம்புக் கம்பியில் தோய்த்து எரித்தபோது சுடர் பச்சையாகவில்லை, அதனால் குளோரின் கிடையாது. சோதனைக் குழாயில் இன்னும் கொஞ்சம் போட்டுச் சூடாக்கினார். குழாயின் குளிர்ந்த கழுத்தில் வெள்ளை ஊசிகள் பூத்தன. தாலிக் அன்ஹைட்ரைடு. இப்போது குடும்பம் தெரிந்துவிட்டது, இது அல்கைடு. கிளிசரினும் தாலிக்கும் ஏதோ ஒரு எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிற பிசின். உலகத்தில் பாதி பெயிண்ட் அதில்தான் ஓடுகிறது. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. என்ன எண்ணெய்?

அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. பிசினை ஆல்கஹாலில் கரைத்த பொட்டாஷோடு கொதிக்க வைத்து உடைத்து, வெள்ளையாக அடியில் இறங்கியதை வடிகட்டி எடை போட்டு, மிச்சத்தில் அமிலம் விட்டு, மேலே மிதந்து வந்த கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அவற்றை எளிதில் ஆவியாகும்படி மாற்றி, வாயுப் பகுப்புக் கருவிக்குள் ஊசியால் ஏற்ற வேண்டும். கருவி ஒவ்வொரு அமிலத்தையும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே விடும். பக்கத்தில் ஓடுகிற தாளில் பேனா ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை வரையும்.

ஊசி போட்டார். எதிர்பார்த்த மலைகள் வந்தன, முதலில் சின்னது, பிறகு பெரிது இரண்டு. அப்புறம் பேனா நேர்கோடு போட ஆரம்பித்தது. அன்றைக்குக் கேண்டீனில் காளான் சூப். தாமதமாகப் போனால் காளான் இருக்காது, சூப் மட்டும் இருக்கும். கருவியை நிறுத்த மறந்து இறங்கிப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது, யாரும் இல்லாத அறையில் பேனா தன்பாட்டுக்கு இன்னொரு பெரிய மலையை வரைந்து முடித்திருந்தது.

அவ்வளவு தாமதமாக வெளியே வருவது நீளமான சங்கிலி உள்ள எரூசிக் அமிலம் ஒன்றுதான். எரூசிக் என்றால் ரெப்கா. வசந்தத்தில் வயலெல்லாம் மஞ்சளாகப் பூக்குமே, கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கைபோல ஒரு செடி, அதன் எண்ணெய். அல்கைடு காய்ச்சுகிற யாரும் அதைத் தொடமாட்டார்கள். சரியாகக் காயாது என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தொட்ட ஒரே தொழிற்சாலையை ராத்மிலாவுக்குத் தெரியும். அதில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

எழுபத்தேழில் நடந்தது அது. மாதக் கடைசி. திட்டத்தில் போட்ட அளவை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும், வரவேண்டிய சோயா எண்ணெய் வரவில்லை. கொதிகலன் மேஸ்திரி அலோயிஸ் புர்டா ஊர்க்கோடியில் இருந்த எண்ணெய் ஆலைக்குப் போய் முப்பது பீப்பாய் ரெப்கா எண்ணெயோடு திரும்பி வந்தார். அது இதயத்துக்குக் கெடுதல் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் ஆலையில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. புர்டா காய்ச்சினார். ராத்மிலா சோதித்தார். எண்கள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன, கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் எண்ணெயின் பெயரை மாற்றத் தலைநகர் பிராகாவில் பதினோரு கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கு ஒன்றரை வருஷம் பிடிக்கும். அதனால் காகிதத்தில் சோயாவே இருந்துவிட்டது. அடுத்த மாதமும் சோயா வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பிசின் நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணில் ஏற்றுமதிக்குப் போனது. எங்கே போகிறது என்று பிராகா ஏற்றுமதி அலுவலகம் சொல்லாது. சீட்டில் "மேற்கு" என்று மட்டும் இருக்கும்.

ராத்மிலா கிடங்கிலிருந்து ஒரு குவளை நானூற்றுப் பன்னிரண்டு வரவழைத்து, அதே சோதனைகளை முதலிலிருந்து செய்தார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தார். ஒரே தாளைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு வித்தியாசம்தான். சலவைத் துணிக்கு நீலம் போடுவதுபோல், மஞ்சளை மறைக்க வியன்னாக்காரர்கள் துளி நீலச் சாயம் கலந்திருந்தார்கள். அப்புறம் அந்த மலைப் படம்.

முதலில் புர்டாவிடம் போனார்.

"அலோயிஸ், மத்தவங்க பெயிண்ட் வெடிக்குது. நம்மோடது ஏன் வெடிக்கலன்னு தெரியுமா?"

"தெரியாது, இஞ்சினியரம்மா."

"நீங்க போட்ட எண்ணெய்னால. அந்த நீளச் சங்கிலி பிசின மிருதுவா வச்சிருக்கு."

புர்டா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த எண்ணெய் விஷயம் யாருக்குத் தெரியும்? எனக்கு ரிட்டயர் ஆக நாலு வருஷம்தான் இருக்கு."

"வியன்னாவுல கொண்டாடறாங்க, அலோயிஸ்."

"அவங்க கொண்டாடட்டும். எம் பேர மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க."

டைரக்டரின் அறையில் அவர் நின்றுகொண்டே சொன்னார். "தோழர் டைரக்டர், அது நம்ம நானூத்திப் பன்னெண்டு."

ஹன்ஸ்லீக் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நம்ம நானூத்திப் பன்னெண்டுல சோயா எண்ணெய்தானே?"

"காயிதத்துல."

"காயிதத்துல கையெழுத்து யாரோடது?"

"எல்லாத்துலயும் என்னோடது. அதுக்குக் கீழ உங்களோடது."

டைரக்டர் காபி இருந்த கண்ணாடித் தம்ளரைச் சுழற்றினார். அடியில் தூள் சுழன்றது. "மந்திரிகிட்ட ஏற்கெனவே பேசிட்டேன். மேற்கு நாட்டு உயர்ந்த தொழில்நுட்பம், மூணு வருஷத்துல நாமளே செஞ்சு காட்டுவோம்னு சொல்லியிருக்கேன்."

"மூணு வருஷம் எதுக்கு? கீழ கொதிச்சிட்டு இருக்கு."

"தோழர் இஞ்சினியர்" என்றார் அவர். காரியம் முடிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. "நான் உங்ககிட்ட கேட்டது என்ன? இது எதனால ஆனதுன்னு. யாரோடதுன்னு நான் கேக்கலையே."

அவர் சொன்னது சரிதான் என்று ராத்மிலாவுக்கும் பட்டது. பதினைந்து பக்கத்தில் அறிக்கை எழுதினார். கிளிசரின் இத்தனை, தாலிக் இத்தனை, ரெப்கா எண்ணெய் இத்தனை. ஒவ்வொரு வரியும் உண்மை. யாருடையது என்று மட்டும் எங்கேயும் இல்லை. எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. கூடவே, தாங்கள் தவறு என்று நினைத்து ஆறு வருஷமாக மறைத்துவந்த ஒன்று மலைப் படம் போட்ட டப்பாவில் திரும்பி வந்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்பதை அளக்க அவரிடம் கருவி இல்லை. வீட்டில் வீத்திடம் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடித்தார்.

பிறகு மூன்று வருஷம் "உருவாக்கம்" நடந்தது. பிராகாவிலிருந்து ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் போனார்கள். மூன்றாம் எண் கொதிகலனுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். புர்டா எப்போதும் காய்ச்சுவதையே காய்ச்சினார், இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார்கள். கடைசியில் துளி நீலம் போட்டார்கள். புதுப் பிசினுக்குப் புது எண் கொடுத்தார்கள். பதினோரு கையெழுத்தும் வந்தது. காகிதத்தில் இப்போது ரெப்கா எண்ணெய் என்றே இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காகிதமும் கொதிகலனும் ஒரே விஷயத்தைச் சொல்லின. அந்த மூன்று வருஷத்தில் நடந்த ஒரே முன்னேற்றம் அதுதான் என்று ராத்மிலா சொல்வார், கேலியாகச் சொல்லமாட்டார்.

டைரக்டருக்குப் பதக்கம் கிடைத்தது. ராத்மிலாவுக்குத் தாத்ரா மலை விடுதியில் இரண்டு பேர் இரண்டு வாரம் தங்கச் சீட்டு. அதைக் கொண்டுபோய் அவர் புர்டாவிடம் கொடுத்தார்.

புர்டா சீட்டைத் தொடவில்லை. "என்னைய எங்க அனுப்புறீங்க?"

"மலைக்கு. வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. கண்டுபிடிச்சது நீங்கதானே."

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. சோயா வரல."

"போய்ட்டு வாங்க, அலோயிஸ். அங்க உங்கள யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

போய்விட்டு வந்தார். சாப்பாடு நன்றாக இருந்ததாம். ஆனால் முதல் வாரம் முழுக்க யாராவது கதவைத் தட்டும்போதெல்லாம் பயமாக இருந்ததாம்.

பதக்கம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வியன்னாவிலிருந்து பிராகா வழியாக ஒரு புகார்க் கடிதம் வந்தது. எட்டு வருஷமாக உங்களிடம் வாங்கிவந்த பிசின் இப்போது பழையபடி இல்லை, பிசினின் வரிசை எண்ணை மாற்றினீர்கள், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வளைத்தால் வெடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு விளக்குக் குடை. அதன் எனாமல் அவித்த முட்டையைத் தட்டினாற்போல் கீறல் விட்டிருந்தது.

டைரக்டர் மறுபடியும் படியேறி வந்தார். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

"பாருங்க கோவுத்னாம்மா, நம்ம பிசின் வியன்னா வரைக்கும் போகுது. ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

ராத்மிலா அவர் முகத்தையே பார்த்தார். எங்காவது ஒரு கண்சிமிட்டல் இருக்கும் என்று தேடினார். இல்லை. மனுஷன் நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார். பதக்கம் குத்திக்கொண்ட அன்றைக்கே மறந்திருப்பார்.

"எதனால ஆனதுன்னு பாக்கட்டுமா?" என்று கேட்டார் ராத்மிலா.

"அதுக்குத்தான் வந்தேன்."

அதே சுடர், அதே ஊசிகள், அதே மூன்று வாரம். இந்த முறை கேண்டீனுக்குப் போகாமல் பேனாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெரிய மலை வரவில்லை. தாள் தீரும்வரை நேர்கோடு. எண்ணெய் ரெப்காதான், எரூசிக் அமிலம் மட்டும் காணோம்.

எண்ணெய் ஆலைக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் பெருமையோடு விளக்கினார். "புது விதைங்க. எரூசிக் துளியும் கிடையாது. இப்ப மார்கரின்ல தாராளமாப் போடலாம், கொழந்தைங்க சாப்பிடலாம்."

"பழசு எங்கயாவது கிடைக்குமா?"

"பழசு எதுக்குங்க? அது உடம்புக்கு ஆகாது."

"தகரத்துக்கு ஆகும்" என்றார் ராத்மிலா. அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ஹன்ஸ்லீக் முதலில் கேட்டது, இதற்கு எந்த அமைச்சகத்தின் மேல் புகார் கொடுப்பது என்று. எண்ணெயை நல்லதாக்கிவிட்டார்கள் என்று எழுதிப் பார்த்தார். படிக்க நன்றாக இல்லை, கிழித்துவிட்டார்.

வழி கிடைத்தது சாப்பாட்டு மேஜையில். வீத் தட்டில் கடைசி மாவு உருண்டையைக் குழம்பில் புரட்டிக்கொண்டே கேட்டார். "பழைய ரெப்கா எண்ணெயா? எங்க பணிமனையில எட்டுப் பீப்பா நிக்குதே."

ராத்மிலா கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எதுக்கு அது?"

"மசகுக்கு, ராத்கா. தண்ணி பட்டாலும் வழுக்கிட்டே இருக்கும். நீராவி இஞ்சின் காலத்துச் சட்டம், பழைய விதை எண்ணெய்தான்னு எழுதியிருக்கு. நீராவி இஞ்சின் போயாச்சு, சட்டம் போகல."

"ஏன் மாத்தல?"

"பதினோரு கையெழுத்து வேணுமாம். யாரு அலையுறது."

அந்தச் சட்டத்துக்காகவே தெற்கு மொராவியாவில் இரண்டு கூட்டுப் பண்ணைகள் வருஷாவருஷம் பழைய விதையை விதைத்துக்கொண்டிருந்தன. அடுத்த அறுவடையில் தொழிற்சாலைக்கும் ஒரு பங்கு வந்தது. பிசின் மறுபடி வளைந்தது. மூலப்பொருளில் தற்காலிக ஏற்றத்தாழ்வு என்று வியன்னாவுக்குப் பதில் போயிற்று. வீத்துக்கு யாரும் எதுவும் தரவில்லை. அவருக்குத் தோன்றியபோதெல்லாம் தன்னைக் "கல்வியாளர் கோவுத்னி" (ஆண்களுக்கு அந்தக் குடும்பப் பெயர் அப்படித்தான் முடியும்) என்று கூப்பிடச் சொல்லுவார், ராத்மிலாவும் ஒரு வாரம்போலக் கூப்பிட்டார்.

காலம் மாறி, கம்யூனிஸ்ட் ஆட்சி போய், தொழிற்சாலையை விற்க ஏலம் போட்டபோது, வாங்கியது அதே வியன்னா கம்பெனி. தொண்ணூற்றொன்றில் அவர்களுடைய வேதியியலாளர் ஒருவர் வந்தார். டாக்டர் ஐஸ்லர் என்று பெயர். ராத்மிலா வயதுதான், சட்டைப்பையில் மூன்று பேனா. ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ராத்மிலா பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மனில் பேசினார், அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பிசின எங்க சொந்த ஆராய்ச்சின்னு விளம்பரத்துல போட்டோமே, பாத்திருப்பீங்க" என்றார் ஐஸ்லர். "அத எழுதினது நான்தான். மன்னிக்கணும்."

"நான் எழுதினதுலயும் யாரோடதுன்னு இருக்காது" என்றார் ராத்மிலா.

அவர் தலையாட்டினார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏன் ரெப்கா? பன்னெண்டு வருஷமா யோசிக்கிறேன். உலகத்துல யாருமே போடாத எண்ணெய். இதுக்குப் பின்னாடி உங்ககிட்ட பெரிய கோட்பாடு இருக்கும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க."

"சோயா வரல."

டாக்டர் ஐஸ்லர் அந்த இரண்டு சொல்லையும் எழுதினார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கேண்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அடுத்த வருஷம் ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். சோதனைகளை இனி வியன்னாவிலேயே பார்த்துக்கொள்வார்களாம். ராத்மிலாவுக்குப் பூச்செண்டும் பென்ஷனும் கொடுத்தார்கள். ஹன்ஸ்லீக் புது நிர்வாகத்துக்கு ஆலோசகர் ஆனார். வியன்னாவோடு அவருக்குப் பழைய தொடர்பு உண்டு என்று சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் புர்டாவின் மருமகள் கம்பெனியின் புது விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பளபளப்பான தாள். இயற்கையோடு இசைந்து, நீண்ட கால நோக்கோடு, தாவர எண்ணெயிலிருந்து திட்டமிட்டு உருவாக்கிய பிசின் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. ராத்மிலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கலவை விவரம் இருந்தது. அங்கே வந்ததும் நின்றார். எரூசிக் அமிலத்தின் அளவு இரண்டு சதவீதம் அதிகமாகப் போட்டிருந்தது. பென்சிலால் அடித்துச் சரியான அளவை எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து உறையில் போட்டு, வியன்னா முகவரிக்கு அனுப்பினார்.

பதில் வரவில்லை. அடுத்த பதிப்பில் அந்த அளவைத் திருத்தியிருந்தார்கள்.